பதினான்காம் வழி

கில்பர்ட் இறந்த மூன்றாம் நாள் காலையில் ஹில்டாவின் அடுக்களையில் ஏழு பாத்திரங்கள் இருந்தன. ஒன்றுகூட அவளுடையது இல்லை. மேல் வென்லோவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் வாசலில் வந்து நிற்பார்கள், "என்ன சொல்றதுன்னே தெரியல" என்பார்கள், கையிலிருக்கும் பாத்திரத்தை நீட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். அடியில் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், பாத்திரம் திரும்பி வரவேண்டுமே. ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும், கோழியும் காளானும், மறுபடி ஆட்டுக்கறி. ஹில்டா எதையும் திறந்து பார்க்கவில்லை.

அழுகையும் வரவில்லை. டாக்டர் வந்து கில்பர்ட்டின் கண்களை மூடியபோதும் வரவில்லை, பெட்டியைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தபோதும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம்போல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. யாராவது கையைப் பிடித்தால் பிடித்தது தெரிந்தது. பிடித்தது தன் கையைத்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வரைபடத்தில் வென்லோ என்று ஒரே பெயர் போட்டிருந்தாலும் ஊர் இரண்டு. அறுநூறு வருடங்களுக்கு முன் கொள்ளைநோய் வந்தபோது ஆற்றோரம் குடியிருந்தவர்கள் உயிருக்குப் பயந்து மேட்டில் ஏறிக் குடிசை போட்டார்கள். நோய் போன பிறகும் இறங்கவில்லை. தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் பாதிரியார் வீடும் மட்டும் கீழேயே நின்றுவிட்டன. மேலே நாற்பது வீடு, ஒரு மதுக்கடை, ஒரு தபால் நிலையம், ஓர் ஊர்க்கூடம். உயிரோடு இருப்பதற்கு எல்லா வசதியும் உண்டு. செத்தால் கீழே போயாக வேண்டும். அதற்கென்றே மூன்று வயல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வழி இறங்குகிறது. பெயர் பிணப்பாதை. ஊர்க்காரர்களுக்கு இதில் கூச்சமே கிடையாது. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகளிடம்கூட, "பிணப்பாதை வழியா போங்க, சீக்கிரம் போயிடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சாலையில் போனால் ஆலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு நாலு மைல்.

போன வருடம் அந்த மூன்று வயல்களையும் பண்ணை வீட்டோடு சேர்த்து ஹார்கோர்ட் என்கிற லண்டன்காரர் வாங்கினார். வாங்கிய மூன்றாம் வாரமே பாதை தொடங்கும் கேட்டில் முள்கம்பி ஏறியது. ஊர் கொதித்துப்போய் மாவட்ட நிர்வாகமான கவுண்டி அலுவலகத்துக்கு ஓடியது. பொதுவழிகளையெல்லாம் குறித்த வரைபடம் அங்கே இருக்கிறது. அதில் கோடு இருந்தால் வழி, இல்லாவிட்டால் வெறும் வயல். வென்லோவுக்குப் பதின்மூன்று வழிகள் குறித்திருந்தார்கள். பிணப்பாதை இல்லை.

அன்றிலிருந்து ஊர் மன்றத்தின் செயலர் ப்ரெண்டா கடிதம் எழுதித் தள்ளினாள். மொத்தம் பத்தொன்பது. 'உங்கள் குமாஸ்தாக்கள் தூங்கிவிட்டார்கள்' என்ற ஒரே விஷயத்தைப் பத்தொன்பது விதமாக எழுதினாள் என்றால் அவளுக்கு எவ்வளவு திறமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கூட்டத்தில் உரக்கப் படித்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து கில்பர்ட் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அந்த ப்ரெண்டாதான் இப்போது அடுக்களைக்குள் வந்து நின்றாள். கூடவே வில்ஃப். இந்த ஊரின் குழி வெட்டுகிறவர், வேலி கட்டுகிறவர், எல்லாரையும் கண்ணு என்று கூப்பிடுகிறவர்.

"சாப்பிட்டீங்களா ஹில்டா?" ப்ரெண்டாவின் பார்வை பாத்திரங்களின் மேல் ஓடியது. "என்னோடது அந்த நீலம். அதை முதல்ல காலி பண்ணுங்க. மத்ததுல உப்பு சப்பு இருக்காது."

"ஆகட்டும்."

வில்ஃப் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். "குழி தயாரா இருக்கு கண்ணு. நான்சிக்குப் பக்கத்துலயே. மண்ணு மெதுவாத்தான் இருந்துச்சு, கஷ்டம் குடுக்கல."

நான்சி என்ற பெயரைக் கேட்டும் ஹில்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கமாக ஏதாவது ஆகும்.

"ஒரு விஷயம் கேக்கணும்," என்றாள் ப்ரெண்டா. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. மனசுல வச்சுக்க மாட்டோம்."

"வச்சுக்குவோம்," என்றார் வில்ஃப். "வெளிய சொல்ல மாட்டோம்."

"நீ சும்மா இரு. ஹில்டா, பொணம் போன வழி பொதுவழி. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். யார்கிட்டயும் அனுமதி கேக்காம ஒரு பெட்டியத் தூக்கிட்டுக் குறுக்கே போயிட்டா போதும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் அந்த வழிய அடைக்க முடியாது."

"அது சட்டமா?"

"எங்கப்பா சொல்லியிருக்காரு," என்றார் வில்ஃப்.

"உங்கப்பா தவளை மழை பெய்யும்னும் சொன்னாரு. ஆனா இது நெசம்." ப்ரெண்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த ஆளு கம்பி கட்டினதுக்கப்புறம் ஊர்ல முதல் சாவு கில்பர்ட்தான். இருபது வருஷம் செயலரா இருந்தவரு. அந்த வழிக்காக எவ்வளவு துடிச்சாரு மனுஷன்! அவரையே வச்சு அந்த வழிய மீட்டா அதைவிட மரியாதை உண்டா, சொல்லுங்க."

ஹில்டா கெட்டிலை அடுப்பில் வைத்தாள். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணத்தைத் தேடி எடுத்துச் சொல்லுகிற தெம்பு அவளிடம் இல்லை.

"செய்யுங்க," என்றாள்.

காரணம் இல்லாமல் இல்லை. இருபத்தெட்டு வருடங்களாக இருக்கிறது.

ஐம்பத்தொன்றாம் வருடம் ஜனவரியில் அவர்கள் மகள் நான்சிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். ஆறு வயது முடியவில்லை. அந்த வாரம் பனி கொட்டிச் சாலை மூடிப்போனதால் வண்டி வரவில்லை. கில்பர்ட் பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தன் தோளில் வைத்துக்கொண்டு பிணப்பாதையில் இறங்கினார். ஹில்டா அவருடைய குதிகால்களை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அந்த வழி எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் ஆனது, ஒன்றும் அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஏப்ரலில் கவுண்டியிலிருந்து படிவங்கள் வந்தன. ஒவ்வோர் ஊரும் தன் பொதுவழிகளை நடந்து பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். செயலர் கில்பர்ட். மூன்று வாரம் மாலையில் வேலை முடிந்து வந்து ஒரு தடியும் நோட்டுமாக நடந்தார். எங்கே கேட், எங்கே ஏறிக் கடக்கும் படி, எங்கே சேறு என்று எல்லாம் குறித்தார். அவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால் அவர் சொல்லச் சொல்ல ஹில்டாதான் படிவத்தில் எழுதினாள். பதின்மூன்று முடிந்தது.

"அடுத்தது?" என்றாள் ஹில்டா.

"அவ்வளவுதான்," என்றார் கில்பர்ட்.

பதினான்காவது படிவம் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. அவர் அதை எடுத்து நாலாக மடித்து அடுப்பில் போட்டார். அவள் பேனாவை மூடினாள். அதைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி.

தப்பு இருந்தால் யாரும் சொல்லலாம் என்று அந்தப் பட்டியலை நாலு மாதம் ஊர்க்கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒருவரும் படிக்கவில்லை. கில்பர்ட் எழுதியதில் தப்பு இருக்குமா? அதன் மேலேயே பூசணிக்காய்ப் போட்டி அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். ஊரார் பாட்டுக்குப் பிணப்பாதையில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். தினமும் கால் படுகிற வழியை வரைபடத்தில் யார் போய்த் தேடுவார்கள்?

கில்பர்ட்டும் ஹில்டாவும் மட்டும் சாலையில் போனார்கள். நான்சியின் கல்லறைக்கு மாதத்துக்கு ஒரு முறை, முதலில் பேருந்தில், அது நின்றுபோன பிறகு கில்பர்ட் ஓட்டிய சின்ன வேனில், மடியில் பூங்கொத்தோடு நாலு மைல். கில்பர்ட்டுக்கு முழங்கால் சரியில்லை என்று ஊர் தானாகவே முடிவு கட்டியது. அவரும் நொண்டிக் காட்டினார். சில நாள் வலது கால், சில நாள் இடது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

இப்போது, அவர் கால் வைக்க மறுத்த வழியில் அவரைத் தூக்கிப்போக அவள் சரி சொல்லிவிட்டாள். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் செத்தவர் பெயர் கெடும். சொல்லாவிட்டால் செத்தவர் அந்த வழியில் போயாக வேண்டும். இரண்டில் எது கில்பர்ட்டுக்குச் செய்யும் துரோகம் என்று யோசிக்க உட்கார்ந்தாள். யோசனை ஓடவில்லை. டீ ஆறிப்போனது.

மத்தியானம் பாதிரியார் தொலைபேசியில் கூப்பிட்டார். "கேள்விப்பட்டேன் ஹில்டா. எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அப்படி ஒரு சட்டமே கிடையாது. வெறும் பழங்கதை. அதை வில்ஃப்கிட்ட யார் சொல்றது? நீங்க எந்த வழியா வந்தாலும் நான் சர்ச்ல இருக்கேன்."

"சரிங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். நவம்பர் தூறல். ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் வலது பக்கம் வில்ஃப். அவர் கோட்டுக்குள் கம்பி வெட்டும் கத்தரி துருத்திக்கொண்டிருந்தது. ப்ரெண்டா கழுத்தில் கேமராவை மாட்டியிருந்தாள், சாட்சிக்கு. ஊரே பின்னால் வந்தது. துக்கத்துக்கு வந்தவர்களின் முகத்தில் கொஞ்சம் உற்சாகம் தெரிந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரு வருடக் கோபம்.

கேட்டுக்கு வந்து சேர்ந்தால் கம்பியைக் காணோம். சுருட்டி ஓரமாக வைத்திருந்தது. கேட் விரியத் திறந்திருந்தது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு ஹார்கோர்ட் நின்றார். கேட்டில் அழகாக ஓர் அட்டை: திரு. கில்பர்ட் ஃபென்விக்கின் இறுதி ஊர்வலம், உரிமையாளரின் அனுமதியுடன், இன்று ஒரு நாள் மட்டும் இவ்வழியே செல்கிறது.

ஊர்வலம் சட்டென்று நின்றது.

"என் ஆழ்ந்த அனுதாபம், மிசஸ் ஃபென்விக்," என்றார் ஹார்கோர்ட். "தாராளமா போங்க."

"நாங்க உங்க அனுமதிய கேக்கலையே," என்றாள் ப்ரெண்டா.

"கேக்க வேண்டாம். நானே குடுக்கிறேன்."

"எங்களுக்கு வேண்டாம்!"

"குடுத்தாச்சே."

"அனுமதியோட போனா செல்லாது," என்றார் வில்ஃப் பெட்டிக்கு அடியிலிருந்து. "கம்பிய மறுபடி கட்டுங்க."

"என்னது?"

"கட்டுங்க சொல்றேன். நான் வெட்டணும்."

ப்ரெண்டா இரண்டு அடி முன்னால் போனாள். குரலை இறக்கிக்கொண்டாள். "மிஸ்டர் ஹார்கோர்ட், மரியாதையா கேக்கிறேன். ஒரே ஒரு தடவை 'போகக் கூடாது'ன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"சாவு வீட்டுக்காரங்ககிட்ட அப்படிச் சொல்ல எனக்கு மனசு வருமா?"

"போன வருஷம் இந்த வழியா வந்த ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட சொல்ல மனசு வந்துச்சே!"

"அந்த அட்டைய எழுதினது யாரு, உங்க வக்கீலா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஹார்கோர்ட்டின் காது சிவந்தது. ஆனால் தொப்பியை மார்பிலிருந்து எடுக்கவில்லை.

இந்த ஊர்க்காரர்களை என்ன சொல்வது. அடைத்த வழியைத் திறக்க வந்தவர்கள், திறந்திருக்கிறதே என்று வழி தெரியாமல் நின்றார்கள். தூறல் பெட்டியின் மேல் விழுந்து ஓரமாக வழிந்தது. தூக்கியவர்களில் ஒருவர், "தோள் விட்டுப்போகுதுப்பா" என்று முனகினார்.

"கீழ வைக்காதீங்க!" ப்ரெண்டா திரும்பினாள். "எல்லாரும் திரும்புங்க. வண்டியில வச்சு சாலை வழியா போவோம். அனுமதியோட போனோம்னு ஆயிட்டா இந்த வழி போச்சு, என்னைக்குமா போச்சு. கில்பர்ட் இருந்திருந்தா அவரே திரும்பத்தான் சொல்லியிருப்பாரு. இல்லையா ஹில்டா?"

எல்லாரும் ஹில்டாவைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்றால் போதும். அவர் போக விரும்பாத வழியில் போகாமல் போய்ச் சேருவார். பெயரும் கெடாது. ப்ரெண்டா தானாகவே வாசலைத் திறந்து கொடுத்துவிட்டாள். ஹில்டா ஆமாம் சொல்லத்தான் தலையை நிமிர்த்தினாள். நிமிர்த்தியபோது கேட்டுக்கு அப்பால் கீழே கல்லறைத் தோட்டம் தெரிந்தது. சுவர் தெரிந்தது, கோபுரம் தெரிந்தது, வில்ஃப் வெட்டிப்போட்ட மண்குவியல்கூடத் தெரிந்தது. இருபத்தெட்டு வருடமாக அவள் இந்த இடத்தில் வந்து நின்றதில்லை.

"இல்ல," என்றாள்.

"இல்லையா?"

"அந்த வழிய விட்டது கவுண்டி ஆபீஸ் இல்ல, ப்ரெண்டா. கில்பர்ட். அவர் சொன்னாரு, நான் எழுதினேன். பதின்மூணு எழுதினோம். பதினாலாவது படிவத்தை அடுப்புல போட்டாரு." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கடைக்காரரிடம் சாமான் சொல்வதுபோலச் சொன்னாள். "நான்சியத் தூக்கிட்டுப் போன வழியில அவரால மறுபடி நடக்க முடியல. நடந்து பாக்காம எழுதக் கூடாதுன்னு படிவத்துல போட்டிருந்துச்சு. அதனால எழுதல."

ப்ரெண்டாவின் முகத்தில் இரத்தம் ஏறியது.

"பத்தொன்பது லெட்டர் எழுதினேன்," என்றாள். "முன்னாடி உக்காந்து தலையாட்டினாரே!"

"ஆட்டினாரு."

"ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சதும் நீங்க எனக்கு கேக் வெட்டிக் குடுத்தீங்க!"

"குடுத்தேன். நாளைக்கு வந்து என்னைத் திட்டு. எவ்வளவு வேணுமோ திட்டு. இப்ப இவங்களுக்குத் தோள் வலிக்குது."

ஹில்டா ஹார்கோர்ட்டின் பக்கம் திரும்பினாள். "ரொம்ப நன்றி மிஸ்டர் ஹார்கோர்ட். உங்க அனுமதியோட போறோம்."

பின்னால் ஊர் மூச்சை இழுத்தது கேட்டது. அந்த ஒரு வாக்கியத்தில் வழி போய்விட்டது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும்தான். அவள் கேட்டைத் தாண்டி வயலில் கால் வைத்தாள். கீழே கோபுரத்தில் பத்தரை அடித்தது.

முதலில் பின்னால் ஒரு காலடியும் கேட்கவில்லை. தனியாகவே நடந்தாள். பாதி வயல் போன பிறகு பூட்ஸ்கள் சேற்றில் அமுங்கும் சத்தம் வந்தது. "ஈரமா இருக்கு, பாத்து வைங்கப்பா," என்று வில்ஃப் சொன்னார். ஹில்டா திரும்பிப் பார்க்கவில்லை.

ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டே நடந்தாள். ஒன்றும் வரவில்லை. முதல் வயல் உழுது கிடந்தது. இரண்டாவதில் ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. மூன்றாவதன் ஓரத்தில் ஓடை, அதன் மேல் இரண்டு பலகை. பலகையைத் தாண்டினால் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சின்ன கேட். பாதிரியார் அங்கியின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு, பிஸ்கட்டை மென்று விழுங்கிக்கொண்டே ஓடிவந்தார்.

"அதுக்குள்ளயா? சண்டையெல்லாம் முடிஞ்சு வரப் பன்னெண்டாகும்னு நெனச்சேன்."

அவர் தலைக்கு மேல் பத்தேமுக்கால் அடித்தது.

ஹில்டா நின்றுவிட்டாள். கால் மணி நேரம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வயதானவர்கள் அடிமேல் அடி வைத்து வந்தே கால் மணி நேரம். கை வீசி நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. இருபத்தெட்டு வருடம் சுற்றிப் போனதில் இந்தத் தூரமே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அடுப்பில் உருளைக்கிழங்கை வேகப்போட்டுவிட்டு வந்து திரும்பியிருக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை, நாலு மைல் சுற்றி, அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போன இடம் தன் வீட்டுக் கொல்லைக்குக் கீழேயே இருந்திருக்கிறது. பிள்ளை இத்தனை கிட்டத்தில் படுத்திருந்தாள்.

நாலு நாளாக எங்கேயோ போயிருந்த உணர்ச்சி அப்போது திரும்பி வந்தது. வந்தது துக்கம் இல்லை, கோபம். கை தானாக உயர்ந்தது. அந்தக் கை தன்னுடையது என்று இந்த முறை உடனே தெரிந்தது. ஹில்டா திரும்பிப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். தூக்கியவர்கள் ஒருமுறை தள்ளாடி நின்றார்கள்.

"பத்து நிமிஷம், கில்பர்ட்!" என்றாள். "தினமும் வந்திருக்கலாம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்திருக்கலாம். உன்னால முடியல. சரி. நானாவது வந்திருக்கலாமே. நான் ஏன் வரல?"

மறுபடி அடிக்கக் கையை ஓங்கினாள், அடிக்கவில்லை. ப்ரெண்டா வரிசையிலிருந்து விலகி வந்து பக்கத்தில் நின்றாள். அவள் காலணி முழுக்கச் சேறு. முகத்தில் கோபம் இன்னும் அப்படியே இருந்தது. இருந்தாலும் ஹில்டாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வேன் ஓட்டத் தெரியாது ப்ரெண்டா," என்றாள் ஹில்டா. அழுகை அப்போதுதான் வந்தது, வார்த்தைகளுக்கு நடுவே புகுந்துகொண்டு வந்தது. "இனிமே ரெண்டு பேரும் இங்க இருக்காங்க. நாளைக்கு அந்தக் கேட்ல மறுபடி கம்பி ஏறிடும், நான் எப்படி வருவேன்?"